விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன்

வீட்டில் இருப்பது ஒரே டெஸ்க்டாப். பகலில் அக்கா அதில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுவாள். ராத்திரியில் அது என்னுடையது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும், எனக்கு லினக்ஸ் வேண்டும். அதனால் இரண்டு எஸ்எஸ்டி டிஸ்க்: ஒன்று அக்காவின் விண்டோஸுக்கு, இன்னொன்று என் லினக்ஸுக்கு. லினக்ஸ் போடும்போது அக்காவின் டிஸ்க்கில் எதுவும் மாறக் கூடாது.

போன வருஷம் இதில் ஒருமுறை சூடு பட்டேன். இரண்டு எஸ்எஸ்டியையும் மாட்டியபடியே லினக்ஸ் போட்டேன். சிஸ்டத்தைப் போட்டதும் ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்லோடருக்கு இரண்டாவது டிஸ்க்கைத்தான் காட்டினேன். ஆனால் க்ரப் (லினக்ஸின் பூட்லோடர்) போய் உட்கார்ந்தது விண்டோஸ் டிஸ்க்கில் பூட்லோடர்கள் இருக்கும் பகுதியான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில். அது தெரியாமல் லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றினேன். மறுநாள் காலை அக்கா சிஸ்டத்தைப் போட்டால் கறுப்புத் திரையில் 'க்ரப்>' என்று மட்டும் நிற்கிறது. அன்று 20ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். "என் கணக்கெல்லாம் எங்கடா?" என்றாள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைக் காட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அவள் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை.

அதனால் இந்த முறை முதல் வேலை, விண்டோஸ் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றுவது. எங்கள் கடலோர ஊரான தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் கேபினெட் ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருந்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பினேன், வந்தது. இப்போது கேபினெட்டில் ஒரே டிஸ்க். தவறான இடத்தில் எழுத வழியே இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 அரை மணியில் ஏறிவிட்டது.

அப்புறம் சோதனை. டெபியன் டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸ் டிஸ்க்கை மட்டும் மாட்டினேன்; நேராக விண்டோஸ் வந்தது. திரும்ப இரண்டையும் மாட்டினால் பூட் மெனுவில் டெபியனைக் காணோம்! டிஸ்க் காணாமல் போனதும் மதர்போர்டு தன்னிடம் இருந்த டெபியனின் பூட் பதிவையே அழித்துவிட்டது. நிறுவும் பென்டிரைவைச் செருகி, பழுது பார்க்கும் ரெஸ்கியூ மோடில் போய், பதிவு இல்லாவிட்டாலும் மதர்போர்டு தேடிப் பார்க்கும் ரிமூவபிள் மீடியா பாதையிலும் க்ரப்பைப் போடும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது பதிவு அழிந்தாலும் மதர்போர்டு அந்தப் பொதுப் பாதையில் தேடி டெபியனை எழுப்பிவிடுகிறது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டுகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

மறுநாள் பகல் 11 மணிக்கு விண்டோஸில் மணி 5.30 காட்டியது. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் யூடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக, எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்தரை மணி வித்தியாசம்தான். டெபியனில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தேன், சரியாகிவிட்டது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இதில் குழப்பம் வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸை முழுதாக மூடாமல் நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை சீக்கிரம் தொடங்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திவிட்டேன். அது இருந்தால் விண்டோஸ் பார்ட்டிஷனில் டெபியனால் எழுத முடியாது.

பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டும்போது எஃப்12 அழுத்தி டெபியனைத் தேர்ந்தெடுக்கிறேன். அக்கா இன்று காலையும் பட்டனைத் தட்டிவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வரும்போது விண்டோஸ் தயாராக இருந்தது.