முந்நூறு மீட்டர் இடைவெளி: ஒரு சைக்கிள் தடம் உருவான ஏழு ஆண்டுகள்

எங்கள் நகரத்தின் சைக்கிள் தடத் திட்டத்துக்காக நடந்த முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், மேசை மேல் விரித்திருந்த வரைபடத்தில் பச்சை மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. பிரதான சாலையோரமாக நான்கு கிலோமீட்டர், அதன் முடிவில் ஒரு பெரிய சந்திப்பு, சந்திப்பைத் தாண்டியதும் கைவிடப்பட்ட பழைய ரயில் பாதையின் மேல் இரண்டரைக் கிலோமீட்டர். பதினெட்டு மாதங்களில் பணி முடிந்துவிடும் என்று பொறியாளர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பிரிவு செய்ய வேண்டிய வேலைக்கு உண்மையிலேயே அவ்வளவு காலம்தான் தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என் மகள் எங்கும் இறங்காமல் சைக்கிள் ஓட்டிச் சென்ற நாளில், ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஐந்தாம் வகுப்பில் படித்த அவள் பள்ளிக்குப் பத்திரமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். பாதை முழுமையானபோது அவள் பள்ளிப் படிப்பையே முடித்திருந்தாள்.

அந்த ஏழு ஆண்டுகளும் குடியிருப்போர் சார்பில் ஆலோசனைக் குழுவில் இருந்தவன் என்ற முறையில், காலம் எங்கே கரைந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையில் இப்போது இறங்கியிருப்பவர்களுக்குச் சில மாதங்களாவது மிஞ்சினால் எனக்கு மகிழ்ச்சி.

முதல் ஆண்டு கணக்கெடுப்பிலேயே போயிற்று. சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்களே குறைவு, பிறகு தனித்தடம் யாருக்காக என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தது. அதிகாரிகள் வாகனங்களை எண்ணும் முறையில், சந்திப்பின் நடுவே கடந்து போகும் சைக்கிள் மட்டுமே எண்ணிக்கையில் சேரும். நாங்கள் நான்கு பேர் காலையும் மாலையும் அங்கே நின்று வேறு விதமாகக் குறித்தோம்: சந்திப்புக்கு முன்பே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், நடைபாதையில் ஏறி ஓட்டுகிறவர்கள், பெரிய சாலையைத் தவிர்ப்பதற்காகவே சந்துகளுக்குள் சுற்றிப் போகிறவர்கள். இவர்களில் பலர் பெண்களும் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்பதையும் குறித்துவைத்தோம். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான், பயந்து விலகிப் போகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களே என்பது கோப்பில் ஏறியது.

அடுத்து அகலம். ஒரு திசையில் போகும் தடத்துக்கு ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். இரண்டு மீட்டர் இருந்தால்தான் மெதுவாகப் போகும் பாட்டியை ஒரு மாணவி பத்திரமாகத் தாண்டிச் செல்ல முடியும். இரு திசைக்கும் ஒரே தடம் என்றால் மூன்று மீட்டராவது வேண்டும். தடத்தை ஒட்டிக் கார்கள் நிற்கும் இடமாயின், திறக்கும் கதவு சைக்கிளில் வருபவரை அடிக்காதிருக்க இன்னும் அரை மீட்டருக்கு மேல் வெற்றிடம் விட வேண்டும். இவை காகிதத்தில் சிறிய எண்கள். ஆனால் சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தில் ஒவ்வொரு அரை மீட்டரும் ஏற்கெனவே வேறு யாருக்கோ உரியதாக இருந்தது.

கடைக்காரர்களின் எதிர்ப்பு இங்கிருந்துதான் கிளம்பியது. அவர்களை முன்னேற்றத்துக்கு எதிரானவர்கள் என்று எங்கள் குழுவில் சிலர் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். வாடிக்கையாளர் கார் நிறுத்த இடமில்லாமல் போவதைவிட, சரக்கு வண்டி எங்கே நிற்கும் என்பதே பெரும்பாலானோரின் கவலை என்று அப்போது தெரிந்தது. பக்கத்துத் தெருக்களின் முகப்பில் குறித்த நேரங்களில் மட்டும் சரக்கிறக்கும் இடங்களை ஒதுக்கியவுடன் ஆட்சேபணைகளில் பாதிக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. இதற்கு ஆறு வாரங்களே ஆயின. அதற்கு முன்பு இதே விஷயத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியே எட்டு மாதங்கள் வீணாகியிருந்தன.

மீதமிருந்த எதிர்ப்பு போக்குவரத்து நெரிசல் பற்றியது. ஒரு சந்திப்பில் கார்கள் எத்தனை நொடி காத்திருக்கின்றன என்பதை வைத்தே சாலைக்குத் தரம் போடும் பழக்கம் உலகின் பல இடங்களில் இருந்துவருகிறது. சான்பிரான்சிஸ்கோவில் முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் சைக்கிள் திட்டத்தை நிறைவேற்றக் கூடாது என்று தொடரப்பட்ட ஒரு வழக்கால், 2006ல் அந்த நகரத்தில் புதிய சைக்கிள் தடம் போட நீதிமன்றத் தடை வந்தது. 2009 இறுதியில் ஓரளவு தளர்ந்த அது 2010ல்தான் முழுமையாக நீங்கியது. கார்களுக்கு ஏற்படும் தாமதமே சுற்றுச்சூழல் பாதிப்பாக அங்கே கணக்கிடப்பட்டதால், சைக்கிளுக்கு இடம் ஒதுக்குவதே சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதுபோல் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அந்த நகரம் இருக்கும் கலிபோர்னியா மாநிலம் அந்த அளவுகோலைக் கைவிட 2013ல் சட்டம் இயற்றியது. புதிய முறை மாநிலம் முழுவதும் கட்டாயமானது 2020ல். இந்த வரலாற்றை எங்கள் குழுவில் சொன்னபோது, ஆய்வறிக்கையில் வாகனங்களை மட்டும் எண்ணாமல் சாலையைக் கடக்கும் மனிதர்களையும் எண்ண வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அந்த ஒரு வரி பின்னால் எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

ஆனால் மிகப் பெரிய தாமதம் மக்களிடமிருந்து வரவில்லை. மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. பணி ஆணை வழங்கப்படும் நிலையில், தடம் வரவிருந்த அதே பக்கத்தில் பழைய குடிநீர்க் குழாயை இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்றப்போவதாக வேறொரு துறை கடிதம் அனுப்பியது. புதிதாகப் போட்ட தடத்தைத் தோண்டக் கூடாது என்பதால் காத்திருப்பதென முடிவானது. அது நியாயமான முடிவுதான். குழாய்ப் பணிக்கு முதல் ஒப்பந்தப்புள்ளியில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை, இரண்டாவதில் வந்த தொகை மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது, மூன்றாவது நிறைவேறுவதற்குள் எங்கள் திட்டத்துக்கு ஒதுக்கிய நிதியின் காலக்கெடு முடிந்து புதிதாக நிர்வாக அனுமதி பெற வேண்டியதாயிற்று. இப்படிப் போனவை இருபத்திரண்டு மாதங்கள். முதல் கூட்டத்திலேயே, இந்தச் சாலையில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் யார் யார் தோண்டப்போகிறார்கள் என்று எழுத்து மூலம் கேட்டிருந்தால் அந்த இரண்டு பணிகளையும் ஒன்றாகவே முடித்திருக்கலாம். நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பழைய ரயில் பாதையின் மேல் தடம் அமைப்பது எளிது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சரிவு குறைவு, குறுக்கே வாகனங்கள் இல்லை, இருபுறமும் மரங்கள். உண்மையில் அங்கேதான் நில ஆவணங்கள் எங்களைத் திணறடித்தன. ரயில் பாதைக்காக அந்தக் காலத்தில் நிலம் பெற்ற விதம் ஒன்றுபோல் இல்லை: சில துண்டுகள் விலைக்கு வாங்கப்பட்டிருந்தன, சிலவற்றில் ரயில் போவதற்கான உரிமை மட்டுமே பெறப்பட்டிருந்தது. ரயில் நின்றபின் அந்த உரிமை யாருக்குத் திரும்புகிறது என்ற கேள்வி வேறு இடங்களிலும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில், கைவிடப்படும் பாதையை எதிர்கால ரயில் தேவைக்காகப் பாதுகாத்துவைப்பதாகக் கருதி இடைக்காலத்தில் நடைபாதையாகப் பயன்படுத்த 1983ல் சட்டம் வழிசெய்தது. 1990ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று ஏற்றது. மிசூரி மாநிலத்தில் 380 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கேட்டி பாதை அப்படித்தான் சாத்தியமானது. எங்களுக்கு அத்தகைய சட்டத் துணை இல்லாததால், நில அளவையாளர் ஒவ்வொரு துண்டாக எல்லை குறிக்க, ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

மண் பரிசோதனையும் தேவைப்பட்டது. மரத் தண்டவாளக் கட்டைகள் உளுத்துப்போகாமலிருக்கக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறவைக்கப்பட்டவை. களை முளைக்காமலிருக்கப் பல பாதைகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டதும் உண்டு. எங்கள் பாதையில் ஓரிடத்தில் மேல்மண்ணை அகற்றி, வேறிடங்களில் சுத்தமான மண்ணையும் தளத்தையும் போட்டு மூடினால் போதும் என்று முடிவானது. பிள்ளைகள் உருண்டு விளையாடும் பாதையில் இதற்காகக் காத்திருந்த நான்கு மாதங்களை நான் தாமதமாகக் கருதவே இல்லை.

இந்தக் காத்திருப்புக்கு நடுவே நாங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் முழு நிறைவோடு சொல்ல முடிகிறது. 2020ல் பெருந்தொற்றின்போது கொலம்பியாவின் பொகோட்டா நகரம் கூம்புகளை வைத்தே சில நாட்களில் பல கிலோமீட்டர் சைக்கிள் தடங்களை அமைத்ததைச் சுட்டிக்காட்டி, நாங்களும் ஆறு மாதச் சோதனைத் தடம் கேட்டோம். வளையும் பிளாஸ்டிக் கம்பங்களும் பெரிய பூந்தொட்டிகளும் வெள்ளைக் கோடுகளும்தான் செலவு. அந்த ஆறு மாதங்களில் வரைபடம் சொல்லாத பலவற்றைச் சாலை சொன்னது. பேருந்து நிறுத்தத்தில் இறங்குபவர்கள் நேராகத் தடத்துக்குள் காலை வைத்தார்கள். தடத்தை நிறுத்தத்துக்குப் பின்னால் வளைத்து, நடுவே காத்திருப்போருக்கு ஒரு மேடை விட வேண்டியிருந்தது. மழைநீர் வடிகால் மூடிகளின் கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே இருந்ததால் மெல்லிய சக்கரங்கள் சிக்கின. அவற்றைக் குறுக்குக் கம்பிகள் உள்ளவையாக மாற்றினார்கள். பக்கத் தெருவுக்குள் திரும்பும் கார் ஓட்டுநருக்குத் தடத்தில் வருபவர் தெரியவேயில்லை. முனையை ஒட்டிய ஒரு கார் நிறுத்துமிடத்தை எடுத்து, விளிம்புக்கல்லை வெளியே தள்ளி, வண்டி வேகம் குறைத்துத் திரும்பும்படி வளைவைச் சுருக்கினோம். சிமெண்ட் கொட்டிய பிறகு இவை தெரியவந்திருந்தால் இடித்துக் கட்ட யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் சாலையோரத் தடமும் ரயில் பாதைத் தடமும் திறக்கப்பட்டன. நடுவில் இருந்த சந்திப்பு மட்டும் அப்படியே இருந்தது. முந்நூறு மீட்டர். அந்தச் சாலை ஒரு துறைக்கும், அதன் சமிக்ஞை விளக்குகள் இன்னொரு துறைக்கும், அடியில் ஓடும் கால்வாயின் மதகு மூன்றாவது துறைக்கும் சொந்தம். ஒவ்வொரு துறையும் மற்ற இரண்டின் தடையில்லாச் சான்று வந்தபின் தன் சான்றைத் தருவதாக எழுதியது.

திறப்பு விழாவுக்குப் பிறகு எடுத்த கணக்கில் பயன்பாடு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. தடம் வீண் என்று பேசியவர்களுக்கு அது வலுவான ஆதாரமாயிற்று. என்னைப் பொறுத்தவரை ஏழு ஆண்டுகளில் மனம் மிகவும் சோர்ந்தது அந்த மாதங்களில்தான். ஏனென்றால் என் மகளையே அந்தச் சந்திப்பு வழியாக அனுப்ப எனக்குத் துணிவில்லை. அந்த முந்நூறு மீட்டரைத் தவிர ஆறரைக் கிலோமீட்டரும் பாதுகாப்பாக இருந்தும் அவளுக்கு அது பயன்படவில்லை.

நெதர்லாந்தில் இதை முன்பே கண்டிருக்கிறார்கள். 1971ல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன்பின் 1970களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசு செலவில் ஒவ்வொரு மாதிரித் தடம் அமைக்கப்பட்டது. தடம் சிறப்பாக இருந்தும், சைக்கிளுக்குப் புதிதாக மாறியவர்கள் அதிகமில்லை. அடுத்து டெல்ஃப்ட் நகரம் 1980களில் விடுபட்ட இணைப்புகளை நிரப்பி நகர் முழுவதையும் ஒரே வலையாக்கியது. சைக்கிள் பயணம் கூடியது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006ல் தொடங்கி 2010க்குள் சுமார் 120 கிலோமீட்டரை ஒன்றோடொன்று தொடும்படி போட்டு, பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. இந்த இரண்டு நகரங்களின் கதையையும் எங்கள் கணக்கெடுப்புத் தாளையும் சேர்த்து, குறைவான எண்ணிக்கை காட்டுவது தடத்தின் தோல்வியையா இடைவெளியின் விளைவையா என்று கேட்டு நகர்மன்றத்துக்கு மனு கொடுத்தேன்.

இடைவெளி அடைபட்டது ஒரு காலை நேர நடையால். மூன்று துறைகளின் பொறியாளர்களையும் ஒரே நாளில் சந்திப்புக்கு வரவழைத்தோம். மனுக்கள், நினைவூட்டுக் கடிதங்கள், தொலைபேசி அழைப்புகள் என்று அந்த ஒரு நாளைப் பெறவே ஐந்து மாதங்கள் பிடித்தன. அவர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முந்நூறு மீட்டரையும் நடந்தோம். மதகின் கைப்பிடிச் சுவரைத் தொடாமலே தடத்துக்கு இடம் இருப்பதை நாடா பிடித்து அளந்தபோது, அதுவரை கடிதங்களில் ஓராண்டாக நடந்த விவாதம் இருபது நிமிடங்களில் முடிந்தது. அங்கேயே ஒரு தாளில், எந்தக் கையெழுத்து எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதி மூவரும் ஒப்பமிட்டார்கள். தேதிகள் சற்று நழுவின என்றாலும், பதினோரு மாதங்களில் சமிக்ஞை விளக்கில் சைக்கிளுக்கெனத் தனிப் பச்சை எரிந்தது.

இணைப்பு திறந்த பிறகு எடுத்த முதல் கணக்கில் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் இருந்தது. சந்துகளில் சுற்றிப் போன பெண்மணிகளில் சிலரை நான் முகம் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

இப்போது குழுவின் முன் இருப்பது பராமரிப்பு. சாலையைப் பெருக்கும் பெரிய இயந்திரம் விளிம்புக்கல்லுக்குள் நுழையாது. உடைந்த கண்ணாடியும் இலைச் சருகும் தடத்திலேயே தங்குகின்றன. சிறிய இயந்திரம் வாங்கும் கோப்பு துப்புரவுப் பிரிவுக்கும் சாலைப் பிரிவுக்கும் இடையே இருக்கிறது. இரு பிரிவினரையும் தடத்தில் ஒன்றாக நடக்க அழைத்திருக்கிறோம். தேதி அடுத்த மாதம் முதல் வாரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.