காற்று விழுந்த நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு வாரமாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆறு அத்தியாயங்கள் தடையில்லாமல் வந்தன. ஏழாவது அத்தியாயம் படகு நின்றுபோவதைப் பற்றியது. படகு வேகம் இழப்பதற்கு ஆங்கில மாலுமிகள் வைத்திருந்த சொற்கள் பல இன்று கரையில் இருப்பவர்களின் பேச்சில் சோர்வுக்கும் மந்தத்துக்கும் வழங்குகின்றன. நூலாசிரியர் அவற்றை ரசித்து ரசித்து விளக்குகிறார். நான் எல்லாவற்றுக்கும் 'தொய்வு' என்று எழுதினேன். மறுநாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

காலையில் பதிப்பாசிரியர் போன் செய்தார். "எங்க நிக்குது?" என்றார். "காத்து விழுந்துடுச்சு சார்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் விடவில்லை. எனக்கு நடந்திருப்பது உண்மையில் அதுதானா? காற்று விழுவது ஒன்று, தரை தட்டுவது வேறு. இதைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்று இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

ஜூன் 4, புதன்

'தொய்வு' நல்ல சொல். இறுக்கமாக இருக்கவேண்டிய கயிறோ துணியோ தளர்ந்து தொங்குவது தொய்வு. 'பணிகளில் தொய்வு' என்று செய்தித்தாள்களில் தினமும் பார்க்கிறோம். தொங்கும் துணியை யாரும் நினைப்பதில்லை. காற்றில்லாத பாயும் அப்படித்தான் தொங்கும்.

'தேக்கம்' தண்ணீரிலிருந்து வந்தது. 'முட்டுக்கட்டை' தேர்ச் சக்கரத்துக்குக் கீழே வைப்பது. ஆக, வேலை நின்றுபோவதைச் சொல்ல நாம் கயிறு, நீர், தேர் என எல்லா இடத்திலிருந்தும் சொல் எடுத்திருக்கிறோம். கடலிலிருந்து என்ன எடுத்தோம் என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அம்மா சொல்வது: "கப்பல் கவுந்த மாதிரி ஏன் கன்னத்துல கை வச்சிட்டு உட்கார்ந்திருக்க?" அப்புறம் நடுக்கடலில் விட்டது, நட்டாற்றில் விட்டது, தரை தட்டியது. நம்முடையவை பெரும்பாலும் கவிழ்வதையும் கைவிடப்படுவதையும் சொல்கின்றன. கவிழாமல், உடையாமல், சும்மா நின்றுபோகும் கப்பலுக்கு அன்றாடப் பேச்சில் நம்மிடம் குறைவாகவே இருக்கிறது. என் சிக்கல் இந்த இடத்தில்தான்.

ஜூன் 6, வெள்ளி

இன்று முழுக்க ஒரே சொல்: டோல்ட்ரம்ஸ். வியாபாரம் மந்தமானாலும், ஓர் அணி தொடர்ந்து சோர்ந்து ஆடினாலும், மனிதர் மனம் தளர்ந்து கிடந்தாலும் ஆங்கிலத்தில் 'டோல்ட்ரம்ஸில் இருக்கிறது' என்பார்கள். கடலில் அது நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு பட்டை. வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் வணிகக் காற்றுகள் அங்கே சந்திக்கின்றன. சூடேறிய காற்று மேல்நோக்கி எழும்பிவிடுவதால், கடல்மட்டத்தில் கப்பலைத் தள்ளும் அளவுக்குக் காற்று இருப்பதில்லை. பாய்க்கப்பல் காலத்தில் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

கடலிலிருந்து மனதுக்கு வந்த சொல் என்றே நான் நம்பியிருந்தேன். திசை நேர்மாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சோர்ந்து கிடக்கும் மனநிலைக்கு வழங்கிய சொல். கப்பல் அசையாமல் கிடப்பதற்கு மாலுமிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். நூற்றாண்டின் நடுவில்தான் அது ஒரு கடற்பகுதிக்குப் பெயராக நிலைத்தது. ஒரு மனநிலையின் பெயர் கடல் வரைபடத்தில் ஏறியிருக்கிறது! இதைப் படித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

சரி, தமிழில்? 'காற்று விழுந்த கடல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

சொற்களை மேசையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை என்று, படகு ஓட்டக் கற்றுத்தரும் அக்கா ஒருவரிடம் போனேன். இருவர் உட்காரும் சின்னப் படகு, ஒரே பாய். ஏரியில் காற்று நன்றாக இருந்தது.

எந்தப் படகும் பாயை வைத்துக்கொண்டு நேராகக் காற்றுக்குள் போகமுடியாது. காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமும் மாறி மாறி ஓடித்தான் முன்னேற வேண்டும். கையேட்டில் இதை நான் ஏற்கெனவே மொழிபெயர்த்துவிட்டேன். ஆனாலும் சுக்கான் பிடி என் கையில் வந்ததும், எதிரே தெரிந்த மிதவையை நோக்கி நேராகவே திருப்பியிருக்கிறேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நின்றுவிட்டது. சுக்கானை இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன், ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் அவ்வளவு காற்று, என் முகத்திலேயே அடிக்கிறது, படகு மட்டும் நகரவில்லை.

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்றார் அக்கா. தெரியும். 'இன் அயர்ன்ஸ்'. இரும்பில், அதாவது விலங்கில் மாட்டியது. மூன்று நாள் அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தவன் நான். கை நிறையக் கயிறும் சுக்கானும் இருந்தும் எதுவும் வேலை செய்யாதபோதுதான் ஏன் விலங்கு என்றார்கள் என்று உடம்புக்குப் புரிந்தது.

"நீ சுக்கானை ஆட்டுற. தண்ணி அதைத் தாண்டி ஓடினாத்தானே அது திருப்பும்? நின்ன படகுல சுக்கான் வெறும் பலகை" என்றார். அப்புறம் செய்து காட்டினார். பாயின் அடிக்கழியை ஒரு பக்கமாகக் காற்றுக்குள் தள்ளிப் பிடித்தார். சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளினார். படகு மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. பின்னால் போனாலும் ஓட்டம் ஓட்டம்தான். சுக்கானுக்கு உயிர் வந்துவிட்டது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடனே இரண்டையும் உள்ளே இழுத்தார். பாய் நிரம்பியது, கிளம்பிவிட்டோம்.

கரைக்கு வந்த பிறகு, புத்தகம் நிற்பதைப் பற்றிச் சொன்னேன். காற்று விழுந்துவிட்டதாகப் பதிப்பாசிரியரிடம் சொன்னதையும் சொன்னேன். அக்கா ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "உட்கார்றதுக்கு ஆசை இருக்கா?" இருக்கிறது என்றேன். "நேரம் இருக்கா?" இருக்கிறது. "அப்ப காத்து எங்க விழுந்துச்சு? நேரா மூக்கைக் கொடுத்துட்டு நிக்கிற."

ஜூன் 9, திங்கள்

ஏழாம் அத்தியாயத்தை மூடி வைத்தேன். நான்காவதை எடுத்து, அதில் பாயின் உறுப்புகளுக்கு நான் வைத்த பெயர்களைத் திருத்தினேன். பின்னால் போவது. 11 பக்கம் திருந்தியது.

ஜூன் 11, புதன்

'பாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டார்.' உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டால் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். தமிழில் 'காத்தைப் பிடுங்கிட்டான்' என்று உடனே கை போகிறது. அதைத்தான் எழுதியும் இருந்தேன். இன்று அடித்தேன்.

நாம் பிடுங்குவது டயர் காற்று. அது உள்ளே அடைத்து வைத்திருந்த காற்று. பிடுங்கினால் போய்விட்டது, திரும்ப அடிக்க வேண்டும். பாய்க்குள் காற்று அடைபட்டு இருப்பதில்லை, அது கடந்து போய்க்கொண்டே இருப்பது. பந்தயத்தில் ஒரு படகு, காற்று வரும் பக்கத்தில் இன்னொன்றுக்கு மிக அருகே வந்து நின்றால் போதும். முன்னதின் பாய் பின்னதை மறைத்துவிடும். பாய்மர உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் வரை அந்த மறைப்பு நீளும். காற்றுக்கும் நிழல் உண்டு என்பது இதைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நிழலிலிருந்து விலகினால் பாய் தானே நிரம்பிவிடும். படகில் பழுது ஒன்றும் இல்லை.

ஒரு கூட்டத்தில் என் பேச்சை ஒருவர் இப்படி மறைத்தது நினைவுக்கு வந்தது. பல வருடம் அதை டயர் என்றே நினைத்திருந்தேன். என்னிடம் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று. எந்தச் சொல்லை வைத்து நாம் ஒரு நாளை நினைவு வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

'காற்றை மறைத்தான்' என்றே எழுதிவிட்டேன்.

ஜூன் 14, சனி

பழைய பாட்டுகளில் தேடினேன். அகநானூறு 255, மருதன் இளநாகனார் பாடியது. உலகமே கிளர்ந்து வந்ததுபோன்ற பெரிய வங்கம் கடல்நீரைப் பிளந்து போகிறது: 'இரவும் எல்லையும் அசைவின்று ஆகி'. எல்லை என்றால் பகல். இன்றைய காதுக்கு 'அசைவின்றி' என்றால் கப்பல் நின்றுவிட்டது. பாட்டில் பொருள் தலைகீழ். அங்கே அசைவு என்றால் தங்குதல், இளைப்பாறுதல். இரவும் பகலும் எங்கும் தங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது கப்பல். அதை ஓட்டுகிற காற்றுக்கு 'வங்கூழ்' என்றும், துறையில் விளக்கொளியைப் பார்த்துக் கப்பலைச் செலுத்துபவனுக்கு 'நீகான்' என்றும் பெயர்.

நின்று போவதைக் குறித்த சொல்லே நகர்வதைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. இந்த ஒரு வரிக்காக அரை நாள் போனது, கொஞ்சமும் வருத்தமில்லை. கையேட்டில் பயன்படாது. இங்கேயாவது இருக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று உண்மையாகவே காற்று விழுந்தது. ஏரியின் நடுவில் இருந்தோம். முதலில் தண்ணீரின் மேல் இருந்த சுருக்கங்கள் போயின, பிறகு பாயின் முதுகு தளர்ந்தது. அக்கா ஒன்றுமே செய்யவில்லை. "உடம்பை ஆட்டாதே. இருக்கிற ஓட்டத்தையும் சிந்திடும்" என்றார், அவ்வளவுதான். காற்று நின்ற பிறகும் படகு கொஞ்ச தூரம் போனது. கனமான படகாக இருந்தால் இன்னும் போயிருக்குமாம்.

காற்றின் வலிமைக்கு 0 முதல் 12 வரை படி வகுத்த பிரான்சிஸ் போஃபர்ட் ஒரு கடற்படை அதிகாரி. 1805இல் அந்த அட்டவணையைத் தொடங்கியபோது வேகத்தை அளந்து எழுதவில்லை. போர்க்கப்பல் என்ன செய்யும் என்பதை வைத்தே படிகள் அமைந்தன. 0 என்றால் அசைவற்ற அமைதி. 1 என்றால், சுக்கானுக்குக் கப்பல் கட்டுப்படும் அளவுக்கு மட்டும் காற்று. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அவர் வைத்த கோடு அதுதான்: திருப்பினால் திரும்புமா? முன்னேறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

காற்றே இல்லாமல் தப்பிய கப்பலும் உண்டு. 1812 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிட்யூஷன் நியூஜெர்சி கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல் கூட்டம் ஒன்றிடம் மாட்டியது. காற்று அறவே இல்லை. சிறு நங்கூரத்தைப் படகில் வைத்து முன்னே கொண்டுபோய்ப் போடுவார்கள். கப்பலில் இருப்பவர்கள் அதன் வடத்தை இழுப்பார்கள். கப்பல் நங்கூரம் வரை வரும். அதை எடுத்து மறுபடி முன்னே கொண்டுபோவார்கள். துரத்தியவர்களும் அதையே செய்தார்கள். இரண்டு நாளுக்கும் மேல் இப்படி இழுத்து, வந்த சிறு காற்றையும் தவறவிடாமல் பாயை நனைத்துப் பிடித்து, தப்பிவிட்டார்கள். கப்பலை நிறுத்துவதற்கென்று இருக்கும் நங்கூரம் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது நாங்கள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்கியது.

ஜூன் 18, புதன்

'தரை தட்டியது' மட்டும் சிரமம் தரவில்லை. இரு மொழியிலும் ஒன்றுதான். பேச்சுவார்த்தை முதல் கல்யாணப் பேச்சு வரை எல்லாம் தரை தட்டுகிறது. பேச்சில் அது முடிவு மாதிரி ஒலிக்கிறது. கடலில் தரை தட்டிய கப்பல் முதலில் பார்ப்பது நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான். ஏற்றத்தின்போது தட்டினால் காத்திருந்தாலே மிதந்துவிடலாம்; இறக்கத்தில் தட்டினால் ஒவ்வொரு நிமிடமும் எதிரி. கையேட்டில் இரண்டு வரியாக இருந்ததை இரண்டு வரியாகவே விட்டேன். கூட்டி எழுத ஆசையாக இருந்தது.

ஜூன் 21, சனி

ஏழாவது அத்தியாயம் போய்விட்டது. காற்று விழுந்தது, காற்றை மறைத்தது, எதிர்காற்றில் மாட்டியது, தரை தட்டியது: நான்கும் நான்கு சொல்லாகவே இருக்கின்றன. 'எதிர்காற்றில் மாட்டியது' இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, விலங்கு போய்விட்டது. ஆனால் காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

பதிப்பாசிரியர் மாலையில் கூப்பிட்டார். நான்கையும் ஏன் ஒரே சொல்லில் முடிக்கவில்லை என்று கேட்டார். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. ஏரியில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். முடிவில், "அப்ப நான் மேசையில அடுக்கி வச்சிருக்கிற மத்த புத்தகமெல்லாம் இதுல எது?" என்றார். ஒவ்வொன்றாகப் பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்று தரை தட்டியது, ஏற்றத்தில். இன்னொன்றை யாரோ மறைக்கிறார்கள். மூன்றாவதற்கு இருவராலும் பெயர் வைக்க முடியவில்லை.

எட்டாவது அத்தியாயம் கயிற்று முடிச்சுகள். அக்காவிடமிருந்து இப்போதுதான் செய்தி வந்தது: நாளை காற்று இருக்கிறதாம், ஆறு மணிக்கு வரச் சொல்கிறார்.