போர்டைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், வகுப்பு எந்தப் பிரிவு என்று கேட்டுச் சேர்த்துவிடுங்கள்

பன்னிரண்டு நாள் என் மகள் ஒரு பள்ளியில் உட்கார்ந்து படித்தாள், பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவான எமிஸில் வேறொரு பள்ளியில் இருந்தாள். போன வாரம்தான் சரியானது. வட சென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடுகிற யாராவது ஒருவருக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

அஞ்சாவது வரை வீட்டுப் பக்கத்திலேயே மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. குறையே இல்லை. ஆறாவதுக்கு மூன்று பள்ளி பார்த்தோம்: ஒரு மாநகராட்சிப் பள்ளி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. பெயர் 'சென்னை உயர்நிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருந்தால் அது மாநகராட்சி நடத்துவது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அதைத் தனியார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் பள்ளி வேண்டாம் என்று தீர்மானிக்க வைத்தது அந்த ரயில்வே கேட்தான். ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மகளோடு நடந்தே போய்ப் பார்த்தேன். கூட்ஸ் வண்டிக்காக கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் கட்டைக்கு அடியில் குனிந்து ஓடுகிறார்கள். என் பெண்ணும் நான் இல்லாத நாளில் அப்படித்தான் ஓடுவாள். வேண்டாம் என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பள்ளிகளின் விவரம் இருக்கிற மத்திய அரசின் யுடைஸ் ப்ளஸ் தளத்தில் பள்ளியின் பதினோரு இலக்க எண்ணைப் போட்டால் எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளைகள், கழிவறை எத்தனை என்று வருகிறது. ஆனால் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று அது சொல்லாது. மத்தியான பெல் அடிக்கிற நேரம் போங்கள். மாநகராட்சிப் பள்ளியில் குழாயில் தண்ணீர் வந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. வயசுக்கு வரப்போகிற பெண்ணுக்கு இதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது? ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அதனால் "கணக்கு யார் எடுக்கிறாங்க?" என்று நேராகக் கேட்டேன். தலைமையாசிரியர் அந்த டீச்சரையே கூப்பிட்டு நிறுத்தினார்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, நான் சேர்த்தது உதவி பெறும் பள்ளியில். இங்கிலீஷ் மீடியம், பெரிய மைதானம், சொந்தக்காரர்களின் பேச்சு. போர்டில் 'அரசு உதவி பெறும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, அதை நம்பினேன். 3,200 ரூபாய் கட்டினேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். பி.காம். இரண்டாம் வருஷம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. ரசீதைக் கையில் எடுத்தவள், "அத்தை, இதுல சுயநிதிப் பிரிவுன்னு போட்டிருக்கே, பார்த்தீங்களா?" என்றாள். அடியில் பொடி எழுத்து. நான் பார்க்கவில்லை.

மறுநாளே ஓடினேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, சேர்க்கும்போது கேட்கலையே?"

"போர்டுல அரசு உதவி பெறும்னு இருக்கே சார்."

"அது தமிழ் மீடியத்துக்கு."

அதாவது ஒரே வளாகம், ஒரே கேட், ஆனால் என் பெண் உட்கார்ந்த வகுப்பு முழுக்கத் தனியார் கணக்கு. புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, அதுவும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கோ உதவி பெறும் பள்ளியே கணக்கில் வராது. ஆறாவதிலிருந்தே அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதனால்தான் ஆறாவது வகுப்பில் எடுக்கிற முடிவு இவ்வளவு பெரியது. எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

டி.சி. கேட்டேன். வருஷக் கட்டணம் முழுக்கக் கட்டினால்தான் என்றார்கள். கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதற்கு, "கோர்ட்டுக்கே போங்கம்மா" என்று பதில். ஐந்து தடவை போனேன். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

மாநகராட்சிப் பள்ளியில் போய் அழாத குறையாகச் சொன்னேன். அந்தத் தலைமையாசிரியர், "டி.சி. அப்புறம் வரட்டும்மா, பிள்ளையை நாளைக்கே அனுப்புங்க" என்றார். டி.சி. தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இருந்த புத்தகங்களில் ஒரு செட் எடுத்துக் கொடுத்தார். அங்கேயும் ஆறாவதில் இங்கிலீஷ் மீடியம் இருந்தது. இதை நான் முதலிலேயே கேட்கவில்லையே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

எமிஸ் மட்டும் நகரவில்லை. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடாமல் புதுப் பள்ளியால் எடுக்க முடியாது. நான் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய் ஒரு நாள் வீணாக்கினேன். அவர்கள் மாநகராட்சிப் பள்ளிகளுக்குத்தான் பொறுப்பு. உதவி பெறும் பள்ளி மீது புகார் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்குப் போன் செய்தபோதுதான் இது புரிந்தது. மனுவில் சேர்த்த தேதி, டி.சி. கேட்ட தேதி, ரசீது நகல் எல்லாம் வைத்துக் கொடுத்து, ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் வாங்காமல் வராதீர்கள். நாலாவது நாள் டி.சி.க்குக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே எமிஸும் மாறிவிட்டது.

நீங்கள் சேர்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை எழுத்தரிடம் கேளுங்கள்: "இந்த வகுப்பு, இந்தப் பிரிவு, உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?" வாயால் சொன்னால் போதாது, சேர்க்கைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

என் 3,200 ரூபாய் இன்னும் வரவில்லை. ரசீதும் சீல் போட்ட பிரதியும் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.