மங்குகளுக்கு ஒரு ஃபார்ம்லிஸ்ட்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு மோட் (விளையாட்டில் நாமே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்யத் தொடங்கியிருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தம்பிகள் என்னிடம் கேட்கும் ஐயங்களில் பாதி, ஒரே ஒரு ஃபார்ம்லிஸ்ட்டால், அதாவது விளையாட்டுப் பொருள்களைத் தொகுத்து வைக்கும் பட்டியலால், தீர்ந்துவிடக்கூடியவை. 2012 பிப்ரவரியில் ஸ்கைரிமை உருவாக்கிய பெத்தெஸ்டா வெளியிட்ட கிரியேஷன் கிட் என்னும் மோட் எடிட்டரில், பொருள்களையெல்லாம் வகைப்படுத்திக் காட்டும் ஆப்ஜெக்ட் விண்டோவின் மிசலேனியஸ் பிரிவுக்குள் அது ஒதுங்கிக் கிடப்பதால், பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்கிரிப்ட் (விளையாட்டுக்குக் கட்டளையிடும் சிறு நிரல்) எழுதக் கற்பதற்கு முன்பே அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் செய்துவரும் மோட், பால்மரத் தோட்டம் ஒன்றை அந்த உலகுக்குள் கொண்டுவருகிறது. ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஏதேனும் ஒன்று பையில் இருந்தால்தான் கங்காணி நம்மைப் பால் வெட்டும் மரவரிசையான நிரைக்கு அனுப்புவார். மண், கண்ணாடி, அலுமினியம் என மூன்று வகை மங்குகள் உள்ளன. மூன்றுக்கும் தனித்தனி நிபந்தனை எழுதலாம். ஆனால், பிறகு பிளாஸ்டிக் மங்கு ஒன்றைச் சேர்த்தால், கங்காணியின் உரையாடலில் நிபந்தனை உள்ள இடங்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, மூன்றையும் ஆப்ஜெக்ட் விண்டோவிலிருந்து இழுத்து ஒரு ஃபார்ம்லிஸ்ட்டில் போட்டு, பையில் உள்ளவற்றை எண்ணும் கெட்ஐட்டம்கவுன்ட் நிபந்தனையில் அந்தப் பட்டியலையே குறிப்பிட்டால், எல்லா வகை மங்குகளின் மொத்த எண்ணிக்கையும் கிடைத்துவிடும். புதிய மங்கு வந்தால் பட்டியலை மட்டும் தொட்டால் போதும்.

இதைவிடச் சுவையானது, இரண்டு பட்டியல்களை இணையாக வைத்துக்கொள்வது. முதல் பட்டியலில் காலி மங்குகள். இரண்டாவதில் அதே வரிசையில் பால் நிறைந்த மங்குகள். மரத்தில் வைத்த காலி மங்கு முதல் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை ஸ்கிரிப்டில் ஃபைண்ட் என்ற கட்டளை சொல்லும்; அந்த எண்ணைக் கெட்அட் என்ற கட்டளையிடம் கொடுத்தால், இரண்டாவது பட்டியலிலிருந்து உரிய நிறைமங்கு வந்துவிடும். இட எண் 0-இலிருந்து தொடங்குகிறது. பட்டியலில் இல்லாத பொருளுக்கு ஃபைண்ட் -1 தருமாகையால், கெட்அட்டை அழைக்கும் முன் அதைச் சோதித்துவிட வேண்டும். எங்கள் லயத்தில் பால் வெட்டிய பெரியம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "பால் எடுத்ததும் மங்கு கவுந்துதான்யா இருக்கணும், இல்லன்னா மழைத் தண்ணி நிறைஞ்சிடும்" என்றார். கவிழ்ந்த மங்குகளுக்கு மூன்றாவது பட்டியல் ஒன்று வந்தது. ஸ்கிரிப்டில் கூடியவை சில வரிகளே.

இணைப் பட்டியல்களில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விளையாட்டு ஓடும்போது ஆட்ஃபார்ம் என்ற ஸ்கிரிப்ட் கட்டளை மூலம் பொருள்களைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள பொருள் மறுபடி சேராது. இரண்டு வகைக் காலி மங்குகளுக்கும் ஒரே நிறைமங்கைப் பயன்படுத்தினால், ஒரு பட்டியல் நீள, மற்றது அப்படியே நிற்க, அதன்பின் சேரும் ஜோடிகள் எல்லாம் இடம் மாறிவிடும். ஆகவே, தோற்றம் ஒன்றாகவே இருந்தாலும் ஒவ்வொரு வகைக்கும் தனி நிறைமங்கை உருவாக்கிக்கொள்வது நல்லது.

மற்றவர்களின் மோட்களை நினைத்தும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விளையாட்டுடன் வந்த பட்டியலை எடிட்டரில் நேரடியாகத் திருத்தாதீர்கள். இரண்டு மோட்கள் ஒரே பட்டியலைத் திருத்தியிருந்தால், கடைசியாக ஏறும் மோடின் பட்டியலே நிற்கும். முன்னது சேர்த்த பொருள்கள் காணாமல் போகும். ஒரு தம்பி, "அப்போ என்னண்ணே செய்யறது?" என்று கேட்டார். விளையாட்டு தொடங்கிய பிறகு ஸ்கிரிப்ட் வழியாக ஆட்ஃபார்ம் செய்தால், இரு மோட்களின் பொருள்களும் ஒரே பட்டியலில் சேர்ந்து வாழும். அப்படிச் சேர்ந்தவை சேமிப்புக் கோப்பில் பதிவாகிவிடுவதால், மோடை நிறுத்தும் வழியையும் செய்துவைத்து, அங்கே ரிமூவ்ஆடட்ஃபார்ம் கொண்டு நம்முடையவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பட்டியலைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் ரிவெர்ட் கட்டளை அதற்கு உதவாது. பிற மோட்கள் ஸ்கிரிப்ட் மூலம் சேர்த்தவற்றையும் அது சேர்த்தே துடைத்துவிடும்.