ஸ்போக் சக்கரங்களும் 45 மில்லிமீட்டரும்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-இல் வெளிவந்த இந்தக் கார், 1960-களின் பிரிட்டிஷ் இரு இருக்கைக் கார்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதால், எம்.ஜி.பி.யிலும் ஜாகுவார் இ-டைப்பிலும் மின்னிய கம்பி ஸ்போக் சக்கரங்கள் இதற்கும் எடுப்பாக இருக்கும் என்று கண் சொன்னது. கண் சொன்னதை அளவுகோல் ஒப்புக்கொள்ளவில்லை.

சிக்கல் முழுவதும் ஆஃப்செட்டில் இருக்கிறது. ரிம்மின் அகலத்தில் நடுக்கோடு ஒன்று போட்டால், சக்கரம், காரின் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் சுழலும் நடுப்பகுதியில்) பதிந்து உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே ஆஃப்செட். என் காரோடு வந்த சக்கரத்தின் அகலம் 5.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 140 மி.மீ.; ஆஃப்செட் 45 மி.மீ. அரை அகலமான 70 மி.மீ.யில் 45 மி.மீ. வெளிப்பக்கம் போய்விடுவதால், அந்த முகம் ரிம்மின் வெளி விளிம்பை ஒட்டி நிற்கிறது. உள்ளே உள்ள குழிவை பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் அடைத்துக்கொள்கின்றன. பழைய கார்களின் ஸ்போக் சக்கரத்துக்கு அழகைத் தருவது அதன் ஆழம். அந்த ஆழத்துக்குத்தான் புதிய காரில் இடமில்லை.

அந்த ஆழம் வெறும் அலங்காரமும் அன்று. மரச் சக்கரத்தின் ஆரக்கால், நடுவிலுள்ள குடத்தை அடியிலிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குகிறது. மெல்லிய கம்பிக்கு முட்டுக் கொடுக்கத் தெரியாது, இழுக்க மட்டுமே தெரியும். ஆகவே எல்லா ஸ்போக்குகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்படுகின்றன; காரின் எடை ஏறும்போது அடியிலுள்ள ஸ்போக்குகளின் இறுக்கம் சற்றுத் தளர்வதன் வழியாகவே அந்த எடை தாங்கப்படுகிறது. வளைவில் திரும்பும்போது வரும் பக்கவிசைக்கோ, கூடாரக் கயிறுகளைப் போல ஸ்போக்குகள் இரு பக்கமும் விரிந்து நிற்க வேண்டும். சக்கரத்தின் நடுக்குடமான ஹப் நீளமாக இருந்தால் அவை நன்றாக விரியும், குட்டையான ஹப்பில் ஏறக்குறைய செங்குத்தாகிவிடும். அதே வேளையில், இன்றைய ரேடியல் டயர் சாலையைப் பிடிக்கும் பிடி அன்றைய டயரைவிட அதிகம் என்பதால் பக்கவிசையும் அதிகம். 48, 60, 72 என்ற ஸ்போக் எண்ணிக்கைகளில் எனக்கு 72 பிடித்ததற்குக் காரணம் இதுதான். பார்வைக்கு நன்றாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதலில் தவறான வழியில் போனேன். காரின் ஹப்பில் பல்வரிசை கொண்ட அடாப்டரைப் போல்ட் செய்து, அதன்மேல் சக்கரத்தைச் செருகி, நடுவில் ஒற்றை நட்டை முடுக்கும் முறை அது. சைக்கிள் நிறுவனமான ரட்ஜ்-விட்வொர்த் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய ஏற்பாடு. காரின் வலப்பக்க அடாப்டருக்கு இடப்புரி மரை, இடப்பக்கத்துக்கு வலப்புரி மரை. மாற்றி மாட்டினால் ஓட ஓட நட்டு கழலும். சுத்தியலால் தட்டி முடுக்கும் இறக்கை நட்டுகளை அமெரிக்கா 1968 முதல் தடைசெய்ததால் எண்கோண நட்டுகள் வந்தன. இந்த வரலாறெல்லாம் எனக்கு இனித்தது. ஆனால் அடாப்டரின் தடிமன் சக்கரத்தை மட்கார்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. மேடு பள்ளங்களில் டயர் உரசியது, ஸ்டீயரிங் கனத்தது, வீல் பேரிங்குக்கும் கூடுதல் நெம்புவிசை. “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்று விற்றவர் சொன்னதை நம்பியது என் பிழை.

இரண்டாவதாக, காரின் நான்கு போல்ட்டுகளிலேயே நேராக மாட்டும் சக்கரங்களை வாங்கினேன். போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் 100 மி.மீ. விட்டம், 54.1 மி.மீ. நடுத்துளை, காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் இடையே கைவிரல் நுழையும் இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுத்தேன். நடுவில் இருக்கும் நட்டு வெறும் மூடி. தூய்மைவாதிகள் சிரிக்கலாம்.

ஸ்போக்கின் நுனியை ரிம்மில் முடுக்கிப் பிடிக்கும் சிறு நட்டு நிப்பிள்; ரிம்மில் ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு துளை உண்டு. ரிம் அடைத்து மூடப்பட்டதாக இல்லாவிட்டால், ரேடியல் டயருக்குரிய டியூபும் ரிம் நாடாவும் கட்டாயம். வால்விலேயே காற்றழுத்த உணரி பொருத்தப்பட்ட கார் என்றால், டியூப் போட்டதும் அதற்கு வேறு வழி தேட வேண்டும். பேலன்சிங் எந்திரத்தில் சக்கரம் சரியாக மையத்தில் உட்காராவிட்டால் எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் அதிர்வு போகாது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஒவ்வொரு ஸ்போக்கையும் பென்சிலால் தட்டிக் கேட்டேன். இறுக்கமானவை கணீரென்றன, இரண்டு மட்டும் சுருதி இறங்கி மந்தமாக ஒலித்தன. அவற்றைக் கால் சுற்று முடுக்கி, கோட்டம் விழுந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். அதற்கு மேல் முடுக்கினால் ஸ்போக்கின் நுனி உள்ளே நீண்டு டியூபைக் குத்திவிடும்.

புதிய சக்கரம் ஒவ்வொன்றும் பழைய அலாய் வீலைவிடக் கனம். கரடுமுரடான சாலையில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. கழற்றிய அலாய் வீல்களை நான் விற்கவில்லை. நீண்ட மழைப் பயணம் என்றால் அவையே மீண்டும் ஏறுகின்றன.