மப்பா, லோ சுகரா?

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எங்கள் பக்கம் இளவட்டங்கள் எல்லாம் கரையிலேயே கிடப்பார்கள். என் தம்பியும் அப்படித்தான். அவனுக்கு 24 வயது, 12 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. கணையத்தில் இன்சுலினே சுரக்காது, ஊசிதான் உயிர்.

அன்று ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் ஊசியைப் போட்டுவிட்டு, "இந்தா வந்துர்றேன்" என்று வலை பின்னும் கொட்டகைப் பக்கம் போனவன் பத்தரை வரைக்கும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அம்மாவும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். வலைக் குவியல் மேலே குப்புறக் கிடந்தான். கூட இருந்த பையன் ஒருவன் எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, "மப்புல இருக்கான் அக்கா, தூங்கட்டும், எந்திரிச்சு வந்துருவான்" என்றான். கஞ்சா வாடை அங்கேயே நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. அம்மாதான் குனிந்து அவன் முதுகில் கை வைத்தது. கையை எடுத்தபோது ஈரம். சட்டை முழுக்கப் பிழிந்து போட்ட மாதிரி நனைந்திருந்தது, ஆனால் உடம்பு சில்லென்று இருந்தது. "இது மப்பு இல்ல புள்ள, இது சுகரு" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டிலிருந்து மெஷினைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தால் 41. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர், 54க்குக் கீழே போனால் ஆபத்தான லோ. நல்லவேளை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், விழுங்கவும் முடிந்தது, அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும், 108ஐத்தான் கூப்பிட வேண்டும். இருபது நிமிஷம் கழித்து எழுந்து உட்கார்ந்து "என்னாச்சு" என்று கேட்டான்.

நான் இதை எழுதுவதே அந்தப் பையன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் கண்ணுக்கு அது மப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. லோ சுகரில் என்ன வரும்? நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும், தலை சுற்றும், பசிக்கும், சம்பந்தமில்லாமல் பேசுவான், அப்புறம் அப்படியே சாய்வான். கஞ்சா இழுத்தவனுக்கும் ஏறக்குறைய இதேதான். நெஞ்சு வேகமாக அடிக்கும், எழுந்தால் தலை சுற்றும், நேரம் போவது தெரியாது, பசி வரும், மந்தமாகக் கிடப்பான். பார்க்கிறவனுக்கு மட்டும் குழப்பம் என்றால் பரவாயில்லை, அவனுக்கே தெரியவில்லையே. பன்னிரண்டு வருஷமாக உடம்பு லேசாக நடுங்கினாலே சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து வாயில் போடுகிறவன், அன்றைக்கு அந்த நடுக்கத்தைப் புகையின் வேலை என்று நினைத்துப் படுத்துவிட்டான். ஊசி போட்டதும் சாப்பிடாததும் அவன் நினைப்பிலேயே இல்லை.

கஞ்சா சுகரை ஏற்றுமா இறக்குமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதிலுள்ள டிஎச்சி என்ற பொருள் மூளையில் பசியைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது, அதனால்தான் நடுராத்திரியில் பரோட்டாவும் கேக்கும் தேடிப் போவார்கள். ஊசி போடாமல் அதைத் தின்றால் காலையில் மெஷின் 400ஐத் தாண்டிக் காட்டும், என் தம்பிக்கு அப்படிப் பல நாள் காட்டியிருக்கிறது. இன்னொரு பக்கம் இரைப்பையிலிருந்து சாப்பாடு இறங்குவதை டிஎச்சி மெதுவாக்குகிறது. ஊசி ஒரு கணக்கில் வேலை செய்யும், சோறு வேறொரு கணக்கில் ரத்தத்தில் சேரும், அப்போது சாப்பிட்டிருந்தாலும் இறங்கலாம். ஆக ஒரே ஆளுக்கு ஒரு ராத்திரி ஏறும், மறு ராத்திரி இறங்கும், எந்த ராத்திரி எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

"கஞ்சா சுகருக்கு மருந்து" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அதற்கு அடியில் ஒரு உண்மையான ஆய்வும் இருக்கிறது. 2013இல் வெளிவந்த அந்த ஆய்வில், அமெரிக்காவில் 4,657 பேரிடம் எடுத்த விவரங்களின்படி, கஞ்சா புகைப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் இன்சுலின் அளவு 16 சதவீதம் குறைவாக இருந்தது, அதாவது குறைந்த இன்சுலினிலேயே அவர்கள் உடம்பு சமாளிக்கிறது என்று தோன்றியது. அது ஒரு சமயத்தில் கேட்டு, அளந்து எடுத்த கணக்கு, மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை கிடையாது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, நடுவயதில் கஞ்சா பழக்கம் உள்ளவர்களிடம் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை அதிகம் காணப்படுகிறது என்று சொன்னது. 2016இல் டைப் 2 சர்க்கரை உள்ள 62 பேருக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த டிஎச்சிவி, சிபிடி என்ற இரண்டு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிஎச்சிவி எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, சிபிடியால் சர்க்கரையில் மாற்றம் இல்லை. அவர்கள் யாரும் இன்சுலின் போடுகிறவர்கள் இல்லை, கொடுத்ததும் சுத்தப்படுத்தி அளந்த மருந்து. வேதாளைப் பக்கமோ ராமேஸ்வரத்திலோ கையில் கிடைக்கும் பொட்டலத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. இன்சுலினே சுரக்காத என் தம்பிக்கு அந்த 16 சதவீதத்தில் என்ன கிடைத்துவிடப் போகிறது?

சரி, அந்தக் கொட்டகை விஷயம் பெரியது இல்லை. நாலு மாதம் கழித்து வந்ததுதான் பெரியது.

காலையில் எழுந்ததும் குமட்டல், அப்புறம் வாந்தி. ரெண்டு நாள் இருக்கும், சரியாகும், பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வரும். வெளியில் தின்றது சேரவில்லை என்று நினைத்தோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியபோது கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். சுகர்க்காரன் என்று சொல்லியும் கீட்டோன் என்ற அமிலம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் தம்பி ஒரு காரியம் செய்வான், எங்களுக்கு அது புரியவே இல்லை. அம்மா கருவேல விறகு வைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க வேண்டும், அதைக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். புரட்டாசி வெயிலில் நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருப்போம், அவன் தோல் சிவந்து போயிருக்கும், "தண்ணி ஊத்தினா குமட்டல் நிக்குதும்மா" என்பான். நிறுத்தினால் திரும்ப வாந்தி.

மூன்றாவது தடவை வந்தபோது சாப்பாடு எதுவும் தங்கவில்லை. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு" என்று ராத்திரி போடும் நீண்ட நேர ஊசியையும் விட்டுவிட்டான். அடுத்த நாள் மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. வாயில் அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. மதுரைக்குக் கொண்டுபோனோம், பெட்டில் சேர்த்ததும் கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள். இன்சுலின் இல்லாமல் உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாதபோது கொழுப்பை உருக்க ஆரம்பிக்கும், அதில் வரும் அமிலம் ரத்தத்தில் சேர்ந்து ஆளையே முடித்துவிடும். சாப்பிடாவிட்டாலும் வாந்தி எடுத்தாலும் டைப் 1 உள்ளவர்கள் நீண்ட நேரம் வேலை செய்யும் அந்த ஊசியை நிறுத்தவே கூடாது. இதை யாராவது எனக்கு முன்னாலேயே அழுத்திச் சொல்லியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா, வயது முப்பதுகூட இருக்காது, எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் தம்பியைப் பார்த்து, "சுடுதண்ணியில குளிச்சா நல்லா இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். டாக்டரம்மா எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். ஐந்து வருஷமாக ஏறக்குறைய தினமும் இழுத்திருக்கிறான்.

வருஷக்கணக்கில் அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு இப்படி விட்டுவிட்டு வாந்தி வரும், சுடுதண்ணீரில்தான் அடங்கும், 2004இலேயே ஆஸ்திரேலியாவில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கஞ்சாவை நிறுத்தினால் மட்டுமே அது நிற்கும். சர்க்கரை இல்லாதவனுக்கே அது பெரிய அவஸ்தை, இன்சுலின் போடுகிறவனுக்கு உயிர்ப் பிரச்சனை. 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்காவின் கொலராடோவில் டைப் 1 உள்ள பெரியவர்களிடம் விசாரித்தபோது, கஞ்சா எடுப்பவர்களுக்கு அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் கீட்டோஅசிடோசிஸ் வந்திருக்கும் வாய்ப்பு எடுக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று வந்தது. கஞ்சாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் என் வீட்டில் நடந்ததைப் பார்த்த எனக்கு அந்த இரண்டு மடங்கு போதும். டைப் 1 உள்ளவர்கள் எந்த வடிவத்திலும் கஞ்சா எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க சர்க்கரை நோய்ச் சங்கமே இப்போது சொல்கிறது.

கொலராடோவில் கடையில் வைத்து விற்கிறார்கள், கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் எப்படிச் சொல்வான்? இந்தக் கரை வழியாக இலங்கைக்குப் போகும் பொட்டலங்களைப் பிடித்ததாக மாசத்துக்கு நாலு செய்தி வருகிறது, கஞ்சா என்ற சொல்லே இங்கே போலீஸ் கேஸ். 1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தில் கொஞ்சமாக வைத்திருந்தாலும் குற்றம்தான். அதனால் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க மாட்டான், வீட்டில் எங்களுக்கு மானம், நாங்களும் திறக்க மாட்டோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் அக்காவிடம்கூட அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டர் போலீஸ் கிடையாது. பழக்கத்தை விட வேண்டும் என்று தானாகச் சிகிச்சைக்கு வருகிறவனுக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். போனில் பேசினால் போதும் என்பவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

எங்கள் மாமா கதை வேறு. அவருக்கு 58 வயது, டைப் 2, மாத்திரை மட்டும். ராத்திரியானால் பாதம் தீயில் வைத்த மாதிரி எரிகிறது என்று கஞ்சாவைப் பீடித் தூளில் கலந்து இழுக்கிறார், எரிச்சல் அடங்குகிறது என்கிறார். அவர் சொல்வதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2015இல் சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போன 16 பேரைக் கஞ்சா சுவாசிக்க வைத்துப் பார்த்ததில் சில மணி நேரம் வலி குறைந்திருக்கிறது, அளவு கூடியபோது யோசிக்கும் திறனும் மந்தமாகியிருக்கிறது. பதினாறே பேர், சில மணி நேரம். ஆனால் மாமா கரைவலை இழுக்கிறவர், வெறுங்காலில் நிற்பவர். சில மாதம் முன்னால் ஆளிச் சிப்பி குதிகாலில் ஒரு அங்குலம் கிழித்தது, பாதம் மரத்துப்போயிருந்ததால் மணலில் ரத்தம் பார்த்துப் பேரன் சொல்லித்தான் அவருக்கே தெரியும். பீடிப்புகை காலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும், அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆனது. எரிச்சலுக்குப் பிரிகாபலின், டுலாக்செட்டின் என்று மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் எரிகிறது என்று சொன்னால் எழுதித் தருவார். மாமா அதைச் சொல்லவே இல்லை, கேட்டால் கஞ்சா வெளியே வந்துவிடும் என்று பயம்.

தம்பி ஏழு மாதமாக விட்டிருக்கிறான், நடுவில் ரெண்டு தடவை இழுத்தான், ரெண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். நான் திட்டவில்லை. திட்டினால் மூன்றாவது தடவை சொல்ல மாட்டான். வாந்தி திரும்ப வரவில்லை. அவன் படகுக் கூட்டாளிகள் நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, மெஷினில் எப்படிக் குத்துவது, எழுபதுக்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். மப்பு மாதிரி தெரிந்தாலும் முதலில் குத்திப் பாருங்கள், அப்புறம் திட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு மெஷினும் சர்க்கரை டப்பாவும் இப்போது படகிலேயே இருக்கின்றன.

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. அன்றைக்குக் கொட்டகையில் "தூங்கட்டும்" என்று சொன்ன அதே பையன். "அக்கா, ஒளறிட்டு இருந்தான், குத்திப் பாத்தோம், 58 காட்டுது. சர்க்கரை குடுத்துட்டேன். கால் மணி கழிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன், நீங்க அம்மாவ எழுப்பாதீங்க" என்றான். நான் திண்ணையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐம்பதுக்குத் திரும்பக் கூப்பிட்டான். 96.