குயின் விக்கின் முதலாளியம்மாவும் ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையும்

2000ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நான் குடியேறியபோது, பள்ளியில் கற்ற ஆங்கிலத்துக்கும் பேருந்து நிறுத்தத்தில் காதில் விழுந்த ஆங்கிலத்துக்கும் உறவே இல்லாததுபோல் இருந்தது. கிழக்கு லண்டன் தொழிலாளர்களின் வட்டார வழக்கான அந்தக் காக்னிப் பேச்சைப் பழகிக்கொள்வதற்காகவே, வாரத்துப் பகுதிகளைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிபிசி மறுஒளிபரப்பு செய்த ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ நெடுந்தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். அதில் ‘குயின் விக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் குயின் விக்டோரியா என்ற பப்பை, அதாவது மதுக்கடையை, நடத்தும் முதலாளியம்மா பெகி மிட்செல். ஐந்தடிகூட இல்லாத அந்த அம்மாள் ‘கெட் அவுட்டா மை பப்!’ (என் கடையைவிட்டு வெளியே போ!) என்று ஒரு குரல் கொடுத்தால், அவரைவிட ஓரடி உயரமான முரடர்களும் வாசலை நோக்கி நடந்துவிடுவார்கள். தொலைக்காட்சிக்காகப் பழகிய குரல் அல்ல அது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒலிவாங்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பழகிய குரல் அது.

பெகியாக நடித்தவர் பார்பரா வின்ட்சர். 1937 ஆகஸ்ட் 6 அன்று, லண்டனின் ஷோர்டிச் பகுதியில், தள்ளுவண்டியில் காய்கனி விற்ற தந்தைக்கும் தையல் வேலை செய்த தாய்க்கும் பிறந்தவர். இயற்பெயர் பார்பரா டீக்ஸ். மகளின் பேச்சிலிருந்து தெருவின் வாடை போகவேண்டும் என்று தாய் அவரை நாடகப் பள்ளியில் சேர்த்தார். 1952இல், பதினைந்து வயதில், லண்டனின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில், ‘லவ் ஃப்ரம் ஜூடி’ என்ற இசை நாடகத்தின் கோரஸில், அதாவது பாடி ஆடும் குழுவில், அவருக்கு இடம் கிடைத்தது. ஒவ்வோர் இரவும் அதே பாட்டை, அதே அடவை, முதல் நாள்போலவே செய்தாக வேண்டிய வேலை அது. மறு ஆண்டு இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடந்தபோது, அரச குடும்பத்தின் பெயரையே தன் மேடைப்பெயராக வைத்துக்கொண்டார்.

அவரை உண்மையில் உருவாக்கிய இடம், என் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஸ்ட்ராட்ஃபோர்டின் தியேட்டர் ராயல். 1953 முதல் அந்த அரங்கில் இயக்குநர் ஜோன் லிட்டில்வுட் ‘தியேட்டர் வொர்க்‌ஷாப்’ குழுவை நடத்திவந்தார். நடிகர்கள் ஒத்திகையில் வசனத்தைத் தாங்களே வளர்க்கவேண்டும், பார்வையாளர்களிடம் நேராகப் பேசத் தயங்கக்கூடாது, தொழிலாளர் குடும்பத்தின் பேச்சை அதன் வலிமை குறையாமல் மேடையேற்றவேண்டும் என்பவை அவருடைய பிடிவாதங்கள். தாய் பணம் செலவிட்டு மறைக்க நினைத்த காக்னிப் பேச்சை அதே மகளிடமிருந்து லிட்டில்வுட் திரும்ப வெளியே கொண்டுவந்தார் என்பதைவிடப் பெரிய உதவியை ஓர் இயக்குநர் ஒரு நடிகைக்குச் செய்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். லயனல் பார்ட் இசையமைத்து 1959இல் அங்கே அரங்கேறி, 1960இல் வெஸ்ட் எண்டின் காரிக் அரங்குக்குச் சென்ற ‘ஃபிங்ஸ் ஏன்ட் வாட் தே யூஸ்ட் டி பி’ நாடகம் வின்ட்சரைக் கவனிக்க வைத்தது. 1963இல் லிட்டில்வுட் இயக்கிய ‘ஸ்பாரோஸ் கான்ட் சிங்’ திரைப்படம் வின்ட்சருக்கு பிரிட்டனின் திரை விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரையைத் தந்தது.

அடுத்து ‘ஓ! வாட் எ லவ்லி வார்’. முதல் உலகப் போரைப் படைவீரர்களின் பாடல்களாலேயே சொல்லும் நாடகம். கோமாளி உடையில் நடிகர்கள் பாடிக்கொண்டிருக்க, பின்னால் ஒளிரும் பலகையில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். சிரிப்பையும் துக்கத்தையும் ஒரே மூச்சில் பிடித்து நிறுத்தவேண்டிய இந்த நாடகம் 1964இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வே சென்றபோது வின்ட்சரும் அதில் நடித்தார், 1965இல் அமெரிக்க நாடக விருதான டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

இவ்வளவு செய்தவரைப் பலர் ‘கேரி ஆன்’ நகைச்சுவைப் படங்களின் கீச்சுச் சிரிப்புக்காக மட்டுமே நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. முப்பத்தொரு படங்கள் கொண்ட அந்த வரிசையில் அவர் நடித்தவை ஒன்பது மட்டுமே. அதற்கிடையிலும் அவர் மேடையை விடவில்லை. 1970இல் ‘சிங் எ ரூட் சாங்’ இசை நாடகத்தில், ஷோர்டிச்சை ஒட்டிய ஹாக்ஸ்டனில் பிறந்து, பாட்டும் நகைச்சுவையும் கலந்த ‘மியூசிக் ஹால்’ மேடைகளை ஆண்ட பாடகி மேரி லாய்டாக நடித்தார். இடுப்பில் கையூன்றி நின்று கூட்டத்தைக் கண்ணாலேயே கட்டிப்போடும் அந்தப் பரம்பரையின் நேர் வாரிசாகத்தான் பிற்காலத்துப் பெகியை நான் பார்க்கிறேன்.

1985இல் தொடங்கிய ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில், முன்பு வேறொரு நடிகை சிறிது காலம் செய்திருந்த பெகி பாத்திரத்தை 1994இல், ஐம்பத்தேழு வயதில், வின்ட்சர் ஏற்றார். நெடுந்தொடர் நடிப்பை எளிய வேலையாக எண்ணுபவர்கள் அதன் வேகத்தைக் கவனிப்பதில்லை. வாரத்துக்கு மூன்று பகுதிகள், 2001 முதல் நான்கு. ஒத்திகைக்கு நேரம் குறைவு. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். கோரஸில் வளர்ந்தவருக்குக் குறிப்பிட்ட நொடியில் குறிப்பிட்ட இடத்தில் நிற்பது உடம்பிலேயே ஊறியிருக்கும். இன்னொன்றும் உண்டு. இசை நாடகத்தில் பாட்டின் கடைசிச் சுரம் முடிந்தபின், கைதட்டல் எழும்வரை அந்த நிலையைக் கலையாமல் தாங்கவேண்டும். ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முகத்தில் நின்று, அதன்மேல் முரசொலி விழுந்து முடியும். அந்த இரண்டு, மூன்று நொடிகளில் பல நடிகர்களின் முகம் வெறுமையாகிவிடும். வின்ட்சரின் முகத்திலோ கடைசிச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

பெகிக்கு மார்பகப் புற்றுநோய் வந்த கதையிலும் இந்த மேடைப் பயிற்சியைக் கண்டேன். அவ்வளவு உரத்த குரலுக்குப் பழகிய வீட்டில் அவர் மெல்லப் பேசியதே பார்ப்பவரை நிமிர்ந்து உட்காரவைத்தது. உரக்கப் பேசத் தெரிந்தவர் குரலைத் தாழ்த்தும்போது வரும் கனம், எப்போதும் தாழ்வாகவே பேசும் நடிகர்களுக்கு வாய்ப்பதில்லை.

2010இல் தொடரிலிருந்து விலகிய அவர், இடையிடையே வந்துபோய், 2016 மே மாதத்தில் பெகியின் மரணத்தோடு விடைபெற்றார். அதே ஆண்டில், ஆண்களுக்கு ‘சர்’ போலப் பெண்களுக்குத் தரப்படும் ‘டேம்’ பட்டமும் வந்தது. அவருக்கு 2014இலேயே அல்சைமர் நோய் கண்டறியப்பட்டிருந்தது 2018இல்தான் வெளியே தெரிந்தது. 2020 டிசம்பர் 10 அன்று, எண்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமானார்.

அந்தச் செய்தி கேட்ட இரவில் பெகியின் கடைசிப் பகுதியை மீண்டும் பார்த்தேன். பாம் செயின்ட் கிளெமென்ட் நடித்த பாட் என்ற பாத்திரம், பெகியின் சண்டைக்காரி, தோழி, முன்பே இறந்துபோனவர், பெகியின் முன் தோன்றுகிறார். இரண்டு கிழவிகளும் பழைய கணக்கையெல்லாம் பேசுகிறார்கள். நினைவு வின்ட்சரைக் கைவிடத் தொடங்கியிருந்த காலத்தில், வசனங்களை மனத்தில் இருத்திக்கொண்டு நடித்த காட்சி அது என்பதை இந்த முறை அறிந்தே பார்த்தேன். பாட் பேசும்போதெல்லாம் வின்ட்சரின் கண்கள் அவரைவிட்டு நகரவில்லை. தன் முறை வந்ததும், தாளம் தவறாமல் பதில் சொன்னார்.